பயிற்சியும் மேடையும்

வீட்டில் ஒரு கீர்த்தனையைத் தடங்கலின்றி வயலினில் வாசிக்கும் மாணவர், பள்ளி மேடையில் அதே கீர்த்தனையின் நடுவில் தடுமாறி நின்றுவிடுவதுண்டு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பியானோ பழகும் மாணவரைவிட, ஒரு மணி நேரமே பழகும் அவருடைய தோழர் விரைவாக முன்னேறுவதும் உண்டு. இத்தகைய வேளைகளில் பெரியவர்கள் கூறும் அறிவுரை, "இன்னும் நிறையப் பயிற்சி செய்" என்பதாகும். அவ்வாறு செய்தும் பயன் கிட்டாதபோது, தமக்கு இசைத்திறன் இல்லை என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுகிறார். சிலர் இசைக்கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மீண்டும் அதனைத் திறப்பதே இல்லை.

அந்த முடிவு பல வேளைகளில் தவறானது. குறை மாணவரின் திறனில் இல்லாமல், அவர் பயிற்சி செய்யும் முறையில் இருக்கலாம். பயிற்சி எவ்வாறு திறமையாக மாறுகிறது, மேடையில் உடலும் மனமும் எவ்வாறு செயல்படுகின்றன என்பவற்றை உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அவர்களுடைய ஆய்வுகள் இசை பயிலும் இளையர்களுக்குப் பெரிதும் பயன்படக்கூடியவை.

பத்தாயிரம் மணி நேரம் போதுமா?

சுவீடன் நாட்டில் பிறந்த உளவியல் அறிஞர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய இரண்டு உடனாய்வாளர்களும் 1993ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மேற்கு பெர்லின் நகரின் இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணவர்களை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். உலகப் புகழ்பெறும் வாய்ப்புடைய மிகச் சிறந்த மாணவர்கள் 10 பேர் முதற்குழுவினர். நன்றாக வாசிக்கும் மாணவர்கள் 10 பேர் இரண்டாம் குழுவினர். இசையாசிரியராகப் பயிற்சி பெற்றுவந்த 10 பேர் மூன்றாம் குழுவினர்.

அவர்கள் 18 வயதுக்குள் தனியாக அமர்ந்து செய்த பயிற்சியின் அளவு கணக்கிடப்பட்டது. முதற்குழுவினர் சராசரியாக 7,410 மணி நேரமும், இரண்டாம் குழுவினர் 5,301 மணி நேரமும், மூன்றாம் குழுவினர் 3,420 மணி நேரமும் பயிற்சி செய்திருந்தனர். சிறந்த கலைஞர்கள் பிறவியிலேயே அவ்வாறு அமைந்துவிடுகிறார்கள் என்ற பொதுவான நம்பிக்கையை இந்த எண்ணிக்கை அசைத்துப் பார்த்தது.

2008ஆம் ஆண்டில் மால்கம் கிளாட்வெல் என்ற எழுத்தாளர் தம் நூலொன்றில் இந்த ஆய்வைக் குறிப்பிட்டார். அதன்பின், பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எவரும் வல்லுநர் ஆகலாம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. ஆனால், எரிக்சன் இதனை ஏற்கவில்லை. பத்தாயிரம் என்பது, முதற்குழுவினர் 20 வயதில் எட்டியிருந்த சராசரி அளவு மட்டுமே. அக்குழுவிலேயே பலர் அந்த அளவை எட்டியிருக்கவில்லை. மேலும், எவ்வளவு நேரம் என்பதைவிட எத்தகைய பயிற்சி என்பதே முதன்மையானது என்று அவர் வலியுறுத்தினார்.

எரிக்சன் குறிப்பிட்ட பயிற்சியைத் 'திட்டமிட்ட பயிற்சி' எனலாம். அதற்குச் சில இயல்புகள் உண்டு. அதில் ஒரு தெளிவான இலக்கு இருக்கும். அந்த இலக்கு, மாணவரால் இப்போது செய்ய முடிவதைவிடச் சற்றே கடினமாக இருக்கும். முழுக் கவனமும் அதற்குத் தேவைப்படும். செய்தது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரியவரும். நன்கு தெரிந்த பாடலை மகிழ்ச்சிக்காக வாசிப்பது இந்த வகையில் சேராது. அது மனத்திற்கு இன்பம் தரும். ஆனால், திறனை அதிகம் வளர்க்காது.

2014ஆம் ஆண்டில் வேறு சில அறிஞர்கள் அதுவரை வெளிவந்திருந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். இசைத்திறனில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே பயிற்சியின் அளவைக் கொண்டு விளக்க முடிந்தது. பயிற்சியின் பங்கு பெரிது. ஆனால், மணிக்கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதை இதனால் அறியலாம்.

பிழையைக் கையாளும் முறை

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது பழமொழி. விடாமுயற்சியின் சிறப்பை அது உணர்த்துகிறது. ஆனால், இசைப் பயிற்சியில் அடி எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இதனைத் தெளிவுபடுத்துகிறது. அந்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பியானோவில் தேர்ச்சி பெற்ற 17 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் படைப்பிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சிறு கடினமான பகுதி அவர்களுக்குத் தரப்பட்டது. மனநிறைவு ஏற்படும்வரை அதனைப் பழகலாம். கால வரம்பு இல்லை. மறுநாள் வந்து, அதே பகுதியை நிறுத்தாமல் 15 முறை வாசிக்க வேண்டும். அவ்வாசிப்பின் தரத்தைக் கொண்டு மாணவர்கள் வரிசைப்படுத்தப்பட்டனர்.

முடிவு பலருக்கும் வியப்பளித்தது. அதிக நேரம் பழகியவர்கள் முன்னிடங்களைப் பெறவில்லை. அதிக முறை திரும்பத் திரும்ப வாசித்தவர்களும் முன்னிடங்களைப் பெறவில்லை. முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களும் தொடக்கத்தில் மற்றவர்களைப்போலவே பிழை செய்தவர்கள்தாம். ஆனால், பிழை நேர்ந்ததும் அவர்கள் செய்த செயல் வேறாக இருந்தது. அவர்கள் உடனே நிறுத்தினார்கள். பிழை எந்தச் சுரத்தில், எந்த விரலில், எதனால் ஏற்பட்டது என்று கண்டறிந்தார்கள். அந்தச் சிறு பகுதியை மட்டும் வேகத்தைக் குறைத்து வாசித்தார்கள். பிழை முற்றிலும் நீங்கிய பிறகும் சில முறை சரியாக வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அதன்பின்னரே மேலே சென்றார்கள்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. நடுவில் ஒரு பிழை நேர்ந்ததும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அதே இடத்தில் அதே பிழை மீண்டும் வருகிறது. இவ்வாறு பத்து முறை வாசித்தால், எளிதான தொடக்கப் பகுதிக்குப் பத்து முறை பயிற்சி கிடைக்கிறது. பிழைக்கும் பத்து முறை பயிற்சி கிடைத்துவிடுகிறது. நல்ல அசைவு எது, தவறான அசைவு எது என்று விரல்கள் தாமாகப் பிரித்தறிவதில்லை. அடிக்கடி செய்யப்படுவதே பழக்கமாகப் படிந்துவிடுகிறது. பிறகு அதனை மாற்றுவதற்கு இரட்டிப்பு உழைப்புத் தேவைப்படுகிறது.

மூன்று காலங்களின் பயன்

வேகத்தைக் குறைத்துப் பழகும் முறை தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. கர்நாடக இசை பயில்வோர் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்கின்றனர். இந்தப் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. ஒவ்வொரு வரிசையையும் முதலில் முதற்காலத்தில் நிதானமாகப் பாடுவர். பின்னர், தாளத்தின் நடையை மாற்றாமல் அதனை இருமடங்கு வேகத்தில் இரண்டாம் காலத்திலும், நான்கு மடங்கு வேகத்தில் மூன்றாம் காலத்திலும் பாடுவர்.

முதற்காலத்தில் ஒவ்வொரு சுரத்தின் தூய்மையையும் காதால் சரிபார்க்க நேரம் கிடைக்கிறது. அங்குச் சரியாக அமையாத சுரம், மூன்றாம் காலத்தில் மேலும் கெடும். ஆகவேதான், மாணவர் விரைந்து பாட ஆசைப்படும்போது, ஆசிரியர் அவரை மீண்டும் முதற்காலத்திற்கு அழைத்துவருகிறார். இது தண்டனையன்று, பிழை இருக்கும் இடத்தைக் காட்டும் வழியாகும்.

மாற்றி மாற்றிப் பழகுதல்

ஒரே பகுதியை நீண்ட நேரம் தொடர்ந்து வாசிக்கும்போது, அது நன்றாகப் படிந்துவிட்டதாகத் தோன்றும். மறுநாள் கருவியை எடுத்தால் பாதி மறந்திருக்கும். இதற்கும் காரணம் உண்டு. பத்தாவது முறையாக வாசிக்கும்போது, முந்தைய முறையின் நினைவே கையை நடத்திச் செல்கிறது. மூளை அதனைப் புதிதாக நினைவுகூர வேண்டிய தேவையே எழுவதில்லை.

தேர்ச்சி பெற்ற கிளாரினெட் கலைஞர்கள் 10 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் சில பகுதிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து 12 நிமிடம் பழகினர். வேறு சில பகுதிகளை 3 நிமிடத்திற்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பழகினர். இரண்டு முறைகளிலும் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைத்த மொத்த நேரம் ஒன்றுதான். ஆயினும், மறுநாள் வாசிப்பில் மாற்றி மாற்றிப் பழகிய பகுதிகளே பெரும்பாலும் மேலானவையாக மதிப்பிடப்பட்டன. இம்முறையில் பழகும்போது சற்றுக் கடினமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் பகுதியை நினைவிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அந்த முயற்சியே கற்றலை ஆழப்படுத்துகிறது.

ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே

பெர்லின் ஆய்வில் மற்றுமொரு செய்தியும் உண்டு. சிறந்த வயலின் மாணவர்கள் நாள் முழுவதும் இடைவிடாமல் பழகவில்லை. இடையிடையே ஓய்வெடுத்தனர். மூன்றாம் குழுவினரைவிட அவர்கள் அதிக நேரம் உறங்கினர். பகலிலும் சிறிது நேரம் உறங்கினர். முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சி மனத்தைக் களைப்படையச் செய்யும் என்பதால், அந்த ஓய்வு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

உறக்கத்தின் பயன் அதோடு முடிவதில்லை. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பங்கேற்பாளர்கள் விரல்களால் பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் விரைவாக அழுத்தப் பழகினர். பழகியபின் ஓர் இரவு உறங்கி எழுந்தவர்களின் வேகம், மேலதிகப் பயிற்சி ஏதுமின்றி ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. பகலில் கற்ற அசைவுகளை மூளை உறக்கத்தின்போது உறுதிப்படுத்துகிறது. நிகழ்ச்சிக்கு முந்திய இரவு கண்விழித்துப் பழகும் மாணவர், தாம் கற்றதை உறுதிப்படுத்தும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்.

கருவியைத் தொடாமலும் பயிற்சி செய்யலாம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் பியானோவில் ஐந்து விரல்களுக்கான எளிய பயிற்சியை ஐந்து நாள் வாசித்தனர். மற்றொரு குழுவினர் வாசிப்பதாக மனத்தில் கற்பனை மட்டும் செய்தனர். விரல்களை இயக்கும் மூளைப்பகுதியில் இரு குழுவினரிடமும் மாற்றம் தென்பட்டது. அண்டை வீட்டார் உறங்கும் நேரத்தில், அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் மாணவர் ஓசை எழுப்ப முடியாது. அவர் கண்களை மூடி, ஒவ்வொரு சுரத்தையும் மனத்தில் ஒலிக்கச் செய்து, விரல் செல்லும் இடத்தை எண்ணிப் பார்க்கலாம். கற்பனை எங்கே தெளிவிழக்கிறதோ, அங்கேதான் மறுநாள் பயிற்சி தொடங்க வேண்டும்.

மேடை நடுக்கம் ஏன் ஏற்படுகிறது?

இவ்வளவும் செய்த பிறகும் மேடையில் நெஞ்சு படபடக்கலாம். பலருடைய பார்வை ஒருவர்மீது படும்போது, உடல் அதனை ஓர் அறைகூவலாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைவாகத் துடிக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. கைகள் குளிர்கின்றன, வாய் உலர்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ இவை உதவும். ஆனால், வயலின் வில்லைச் சீராக இழுப்பதற்கும், புல்லாங்குழலில் மூச்சை அடக்கி ஊதுவதற்கும் இவை இடையூறாகின்றன.

இந்த நடுக்கம் திறமையின்மையின் அடையாளமன்று. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோ கலைஞர்களுள் ஒருவரான பாப்லோ காசல்ஸ், மேடை நடுக்கம் தம் இசை வாழ்வு முழுவதும் தம்மைவிட்டு நீங்கவில்லை என்று கூறியிருக்கிறார். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், 1967ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பெருந்திரளான மக்கள்முன் பாடியபோது பாடல் வரிகளை மறந்துவிட்டார். அந்த அச்சத்தால் பல ஆண்டுகள் பெரிய இசை நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்துவந்தார். 1994ஆம் ஆண்டில் அவர் மீண்டும் இசைச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார்.

"பதற்றப்படாதே, அமைதியாக இரு" என்று பிறர் கூறுவது நல்லெண்ணத்தால்தான். ஆயினும், விரைந்து துடிக்கும் இதயத்தைச் சொல்லால் உடனே அடக்க முடிவதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ், 2014ஆம் ஆண்டில் வேறொரு வழியை முன்வைத்தார். அவருடைய சோதனையில் பங்கேற்றவர்கள் பிறர்முன் கரோக்கே இசைக்கு ஏற்பப் பாட வேண்டியிருந்தது. சுருதி, தாளம் ஆகியவற்றின் துல்லியத்தைக் கணினி அளவிட்டது. பாடுவதற்குமுன் "நான் பதற்றமாக இருக்கிறேன்" என்று கூறியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்றனர். "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று கூறியவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காடு பெற்றனர்.

பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடலில் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டிலும் இதயம் விரைவாகத் துடிக்கிறது. அதற்கு மனம் சூட்டும் பெயரே வேறுபடுகிறது. படபடப்பை விரட்ட முயலாமல், "உடல் இசைக்கத் தயாராகிறது" என்று எண்ணிக்கொள்ளும் மாணவருக்கு, அதே படபடப்பு ஊக்கமாக மாறக்கூடும்.

மேடையையும் பழகிக்கொள்ளுதல்

மேடையில் இடையில் நின்றுவிடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு பாடலை எப்போதும் தொடக்கத்திலிருந்தே பழகினால், ஒவ்வொரு சொற்கட்டும் அடுத்ததை நினைவூட்டும் சங்கிலியாக அது மனத்தில் பதிகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், அதன்பின் வருவது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே, பாடலின் பல இடங்களிலிருந்து தொடங்கிப் பழக வேண்டும். கீர்த்தனையாயின் பல்லவியிலிருந்து மட்டுமன்றி, அனுபல்லவியிலிருந்தும் சரணத்திலிருந்தும் நேரடியாகத் தொடங்கிப் பார்க்கலாம். மேடையில் தவறு நேர்ந்தால், அடுத்த தொடக்க இடத்திற்குத் தாவிச் செல்ல அது கைகொடுக்கும்.

பழகும்போது செய்ய வேண்டியதும் மேடையில் செய்ய வேண்டியதும் ஒன்றல்ல. பழகும்போது பிழை நேர்ந்தால் நிறுத்தித் திருத்த வேண்டும். மேடையில் பிழை நேர்ந்தால் தாளத்தை விடாமல் தொடர வேண்டும். முதலாவதை மட்டுமே பழகிய மாணவருக்கு இரண்டாவது தானாக வருவதில்லை. ஆகவே, நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்பே, எது நேர்ந்தாலும் நிறுத்தாமல் முழுமையாக வாசிக்கும் பயிற்சியையும் தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்கலாம். அடுத்து வீட்டாரின்முன் வாசிக்கலாம். அதற்கடுத்து, இணைப்பாட நடவடிக்கைத் தோழர்களின்முன் வாசிக்கலாம். கேட்போரின் எண்ணிக்கை சிறிது சிறிதாகக் கூடும்போது, உடலும் அந்தச் சூழலுக்குப் பழகிவிடும்.

நாற்பது நிமிடப் பயிற்சி

இவற்றையெல்லாம் ஒரு மாணவர் ஒரு மாலைப்பொழுதிலேயே கடைப்பிடிக்க இயலும். கருவியைத் தொடுவதற்குமுன், அன்றைய இலக்கை ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். "பாடலைப் பழக வேண்டும்" என்று எழுதுவதைவிட, "சரணத்தின் இரண்டாம் வரியில் மேல்ஸ்தாயி சுரங்கள் சுருதியோடு சேர வேண்டும்" என்று எழுதுவது சிறந்தது. சாதக வரிசைகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். பின்னர், கடினமான மூன்று சிறு பகுதிகளை ஐந்து ஐந்து நிமிடங்களாக மாற்றி மாற்றி இரண்டு சுற்றுப் பழகலாம். அப்போது கைப்பேசி வேறோர் அறையில் இருப்பது நல்லது. இறுதி ஐந்து நிமிடத்தில் பாடலை ஒருமுறை நிறுத்தாமல் வாசிக்கலாம். எங்கே தடுமாற்றம் ஏற்பட்டதோ, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், மறுநாள் இலக்கு தயாராகிவிடும்.

இவ்வாறு பழகுவோருக்குப் பிழை வெட்கத்திற்குரியதாகத் தோன்றாது. எதனைத் திருத்த வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது. எல்லா மாணவரும் காசல்ஸைப் போன்ற கலைஞராக முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. ஆனால், தவறான முறையில் பழகியதால் ஏற்பட்ட தேக்கத்தைத் திறமையின்மை என்று எண்ணி, எவரும் இசையைக் கைவிட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் பயிற்சியை முடிக்கும்போது, எத்தனை முறை வாசித்தோம் என்று எண்ணிப் பார்ப்பதைவிட, இன்று எந்தப் பிழை நீங்கியது என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் நாளில், பயிற்சி சரியான வழியில் செல்கிறது என்று மாணவர் உறுதியாக நம்பலாம்.